சிறுவர் புத்தகம் எழுதுகிறவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம், நூலகம், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கேட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் படப்புத்தகங்கள் எழுதுகிறேன். இதுவரை ஏழு வந்திருக்கின்றன, எல்லாமே நான்கிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு.

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?

பாலர் பள்ளியில் பதினோரு வருடம் ஆசிரியையாக இருந்தேன். தினமும் காலையில் தமிழ்க் கதை நேரம். அலமாரியில் இருந்த புத்தகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. நல்ல புத்தகங்கள்தான், ஆனால் கதை தொடங்கியதும் ஒரு கிணறு வரும். நாலு வயதுப் பிள்ளைக்குக் கிணறு என்றால் என்ன, அதில் எதற்குக் கயிறு, குழாய் இருக்கும்போது ஏன் வாளி என்று சொல்லி முடிப்பதற்குள் கதை நேரம் போய்விடும். அடுத்த பக்கத்தில் மாட்டுவண்டி காத்திருக்கும்.

ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் ஆயா (பாட்டி) கதையைச் சொன்னேன். குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் காலத்துப் பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, எங்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும்தான் நிற்கும். 2001க்குப் பிறகு மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்து பல புளோக்குகளில் அதை மாற்றினார்கள். அதுவரை ஆயா சந்தைக்குப் போய்விட்டு வந்தால் ஐந்தாவது மாடிவரை போய் இறங்கி, இரண்டு மாடி நடந்து கீழே வருவார். ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்கு நல்லது என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். “அப்போ நாலாவது மாடிக்காரங்க?” என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்துதான் முதல் புத்தகம் வந்தது. அது அச்சாகி வந்தபோது எனக்கு வயது 41.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

முடியாது. கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே பாருங்கள். என் புத்தகம் ஒன்று 500 பிரதி அச்சாகும். விலை 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எனக்குப் பத்து விழுக்காடு. ஐந்நூறும் விற்றுத் தீர்ந்தால் 900 வெள்ளி, அதுவும் தீர இரண்டு வருடம் பிடிக்கும். ஒரு புத்தகம் எழுத எனக்கு எட்டு மாதம் ஆகிறது. அரிசி, மின்கட்டணம் எல்லாம் பள்ளிகளில் நடத்தும் பட்டறைகளிலிருந்தும், வாரத்தில் மூன்று நாள் செய்யும் மொழிபெயர்ப்பு வேலையிலிருந்தும்தான் வருகிறது. தமிழில் குழந்தை எழுத்தாளர் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு எழுத வரலாமா என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எந்தத் தமிழில் எழுதுகிறீர்கள், பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நான் அதிகம் சண்டை போட்டதும் இதற்காகத்தான்.

முதலில் நிலவரம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகப் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3. அதாவது என் வாசகருக்குத் தமிழ் காதில் விழும், ஆனால் எல்லா நேரமும் விழாது. விழுகிற தமிழும் “சாப்டியா, தூங்கு, பைய எடு” என்கிற தமிழ். புத்தகத்தைத் திறந்தால் “உணவு உண்டாயா” என்று இருந்தால் அது வேறு ஏதோ மொழி என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கும் இடம் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் “தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடுமே” என்று என்னிடம் வருத்தப்படுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் நாலு வயதுக்குத் தேர்வு கிடையாது.

நான் செய்வது இதுதான்: கதை சொல்லும் குரல் எளிய எழுத்துத்தமிழ், கதைமாந்தர் வாயைத் திறந்தால் பேச்சுத்தமிழ். “லிப்ட் நின்றது. ‘எறங்கு கண்ணு, அஞ்சாவது மாடி வந்திருச்சு’ என்றார் ஆயா.” நின்றது, வந்திருச்சு, இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு இதில் ஒரு குழப்பமும் வருவதில்லை. குழம்புவதெல்லாம் பெரியவர்கள்தான். ‘மின்தூக்கி’ என்று போடாமல் ‘லிப்ட்’ என்று எழுதியதற்கு ஒரு பெரியவர் என்னிடம் இருபது நிமிடம் பேசினார். பேசி முடித்துவிட்டு, “சரிம்மா, லிப்ட் வந்திருச்சு, நான் கிளம்புறேன்” என்றார். சத்தியமாக நடந்தது.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று எனக்கு மூன்றாவது புத்தகத்தில்தான் உறைத்தது. நாலு வயதுப் பிள்ளை என் புத்தகத்தைப் படிப்பதே இல்லை, வாசிப்பது அதன் அப்பாவோ அம்மாவோதான். உயர்நிலைப் பள்ளியோடு தமிழை விட்டவர், நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர், இருபது வருடமாகத் தமிழில் ஒரு பத்தியைச் சத்தம் போட்டு வாசிக்காதவர். இரவு ஒன்பது மணிக்குக் களைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கிறார். இரண்டாவது வரியில் நாக்கு சிக்குகிறது. பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது. பிள்ளைக்கு முன்னால் திக்குவதற்கு எந்தத் தகப்பனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். நாளைக்கு அவர் கை தானாக ஆங்கிலப் புத்தகத்துக்குப் போகும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

அதனால் இப்போது எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு அப்பா ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். எழுத்துப்பிழை பார்க்க மாட்டார், எனக்கு அது தேவையுமில்லை. அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பென்சிலில் கோடு போடுவேன். ‘அழைத்துக்கொண்டிருந்தாள்’ என்ற சொல்லில் மூன்று முறை நின்றார். அது ‘கூப்பிட்டாள்’ ஆனது. அதே ஆள் ‘குடுகுடு’, ‘மடமட’, ‘திருதிரு’ வந்தால் குஷியாகிவிடுவார். இரட்டைக்கிளவிக்கு ஒரு வசதி, பாதியை வாசித்தாலே மீதி வாய்க்கு வந்துவிடும், பிள்ளையும் கூடச் சேர்ந்து கத்தும். என் புத்தகங்களில் அவை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு, காரணம் இந்த அப்பாதான்.

பெயர்ச்சொற்களை மட்டும் எளிமையாக்க மாட்டேன். தும்பி தும்பிதான், நாரை நாரைதான். டைனோசர் பெயர் இருபதை ஒப்பிக்கிற பிள்ளைக்கு நாரை கஷ்டமா என்ன?

ஆங்கிலத்தையும் அதே பக்கத்தில் போட்டால் நிறையப் பேர் வாங்குவார்களே?

வாங்குவார்கள். முதல் புத்தகத்தில் போட்டோம். நூலகத்தில் ஓர் அம்மா வாசிப்பதைப் பின்னால் நின்று பார்த்தேன், அவர் கண் நேராகக் கீழ்வரிக்குப் போனது, தமிழ் மேலே அலங்காரம் மாதிரி நின்றது. இரண்டாம் புத்தகத்திலிருந்து ஆங்கிலத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன், அதுவும் கதைச்சுருக்கமாக மட்டும். தமிழ் தெரியாத மருமகள், மருமகன் இருக்கும் வீடுகளுக்கு அது போதும். பதிப்பாளருக்கு இதில் இன்னும் மனக்குறைதான்.

கதைக்கான கரு எங்கே கிடைக்கிறது?

நடந்து போகும்போது. இது தட்டிக்கழிக்கிற பதில் இல்லை. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் முன்பு காலாங் ஆறு வெறும் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, கரையில் செடிகொடி வளர்த்து, இயற்கையான ஆறு மாதிரி வளையவிட்டு 2012இல் திறந்தார்கள். அப்புறம் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக வந்தன. கூட்டுரிமை (காண்டோமினியம்) வீடுகளின் குளத்துக்குள் புகுந்து விலை உயர்ந்த கோய் மீனைத் தின்றுவிட்டுப் போன செய்தியெல்லாம் படித்திருப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஆறு நீர்நாய்கள் கரையேறி மணலில் புரண்டுகொண்டிருந்தன. ஈர முடி கொத்துக்கொத்தாக ஒட்டி, முள்முள்ளாக நின்றது. ஒன்று மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து கடித்தது, எலும்பு நொறுங்கும் சத்தம் பாலத்தின் மேல்வரை கேட்டது. என் பக்கத்தில் நின்ற சின்னப் பெண் அப்பாவிடம் தமிழில் இதற்கு என்ன பேர் என்று கேட்டாள். அவர் யோசித்து “நீர்நாய்” என்றார். “வாட்டர் டாகா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பிறகு பாலத்தில் போன ஒரு நாயைக் காட்டி “அப்போ இது நில நாயா?” என்றாள். நான் வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் எல்லாப் புத்தகமும் 32 பக்கம்?

காகிதம் மடிகிற விதம்தான் காரணம். பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். இரண்டு தாள், முப்பத்திரண்டு. தலைப்பு, பதிப்புரிமை எல்லாம் போனால் கதைக்கு விரித்த பக்கமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று மிஞ்சும். அதற்குள் கதை தொடங்கி, சிக்கலாகி, முடிய வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு, மேலே விசிறி கீழே சுழி என்று வரிக்கு வரி இடமும் அதிகம் வேண்டும். ஒரு புத்தகத்துக்கு நான் முந்நூறு சொல்லைத் தாண்டுவதில்லை.

படமும் நீங்கள்தான் வரைகிறீர்களா?

எனக்குக் கோடுகூட நேராக வராது. என் புத்தகங்களுக்கு வரைகிறவர் தமிழ் தெரியாத ஓவியர். இதில் சங்கடமும் உண்டு, லாபமும் உண்டு. முதல் மாதிரிப் படத்தில் ஆயாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. இட்லியைப் பார்த்தால் கப்கேக் மாதிரி உப்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கூட்டிப்போய், சந்தை மேல்தளத்தில் புடவைக்கடைக்காரம்மா ஒருவரிடம் முந்தானை எந்தப் பக்கம் விழும் என்று காட்டச் சொல்லி, கீழே இறங்கி இரண்டு தட்டு இட்லி சாப்பிட வைத்தேன். அதற்குப் பிறகு தவறே வரவில்லை.

லாபம் என்னவென்றால், அவருக்கு என் வரிகள் புரியாததால் படத்தை மட்டும் வைத்தே கதையைச் சொல்லப் பார்ப்பார். ஆயா படியிறங்கும் பக்கத்தில் நான் ஆறு வாக்கியம் எழுதியிருந்தேன்: மூச்சு வாங்கியது, பை கனத்தது, இப்படி. அவர் வரைந்த படத்தில் ஆயா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையில் பை, பையிலிருந்து ஒரு வெங்காயம் தப்பித்து ஆயாவுக்கு முன்னால் படியில் உருண்டுபோகிறது. ஆறையும் அடித்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இப்போது ‘டொக். டொக். டொக்.’ மட்டும்தான்.

உங்களால் மறக்க முடியாத தவறு?

கொக்கு. என்னைத் தெரிந்தவர்கள் இந்தச் சொல்லைச் சொன்னாலே சிரிப்பார்கள்.

நீர்நாய்ப் புத்தகம். அச்சுக்குப் போகும் முந்தின இரவு பதினேழாம் பக்கத்தைப் பார்த்தால் ‘நாரை’ என்று எழுதியிருக்கிறேன், படத்திலோ வெள்ளை வெளேர் என்று கொக்கு. உடனே அச்சகத்துக்கு ஒரு குறுஞ்செய்தி: ‘நாரையைக் கொக்கு ஆக்கிவிடுங்கள், சின்னத் திருத்தம்தான்.’ அவர்கள் தங்கள் கணினியிலேயே திறந்து மாற்றிவிட்டார்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கு என்று தனி அமைப்பு ஒன்றைப் போட வேண்டும், போடாவிட்டால் ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு முன்னால் வராது. க தனியாக நிற்கும், கொம்பும் காலும் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நானும் திருத்திய பக்கத்தை அனுப்புங்கள் என்று கேட்கவில்லை, தூங்கப் போய்விட்டேன்.

500 பிரதி வந்து இறங்கியது. நான் அட்டையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, உள்ளே பார்க்கவில்லை. முதல் வாசிப்பு நிகழ்ச்சியில் ஒரு சின்னப் பையன் விரலை வைத்துக் காட்டினான்: “ஆசிரியை, இங்க ஒரு பலூன் இருக்கு.” அந்தப் புள்ளி வட்டம்தான் பலூன். மீதிப் பிரதிகளில் ‘கொக்கு’ என்று அச்சடித்த ஒட்டுத்தாளை நானும் என் அண்ணன் மகளும் மூன்று இரவு உட்கார்ந்து ஒட்டினோம். சிலவற்றில் லேசாகக் கோணலாக இருக்கும். உங்களிடம் இருக்கும் பிரதியில் பலூன் இருந்தால் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள், என்னிடமே ஒன்றுதான் இருக்கிறது.

குழந்தைப் பாட்டு ஏன் எழுதுவதில்லை?

எழுதிப் பார்த்தேன், வரவில்லை. சந்தம் தட்டினால் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். இங்கே அதைச் செய்து காட்டிய கவிஞர் க. து. மு. இக்பால். சிங்கப்பூர் வானொலிக்காக 1970களிலும் 80களிலும் 200க்கும் மேற்பட்ட சிறுவர் பாடல்கள் எழுதியவர், 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். என் வயதுக்காரர்களுக்கு வானொலியும் பாட்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மரியாதை என்று விட்டுவிட்டேன்.

என் மகன் தமிழ்ப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

எத்தனை வயது என்று முதலில் கேட்பேன். ஏழு என்பார்கள். அவனுக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்கள் என்று கேட்டால், “அவனே படிக்கட்டும்னுதான்...” என்று இழுப்பார்கள். ஆங்கிலத்தில் நூறு பக்க நாவல் படிக்கிறவனிடம் ‘அம்மா இங்கே வா’ என்கிற அளவில் ஒரு புத்தகத்தை நீட்டினால் அவன் ஏன் தொடப் போகிறான்? அவன் தமிழ் எழுத்துக்கூட்டுகிற அளவில் இருக்கலாம், அவன் மூளை அந்த அளவில் இல்லை. பெரிய கதையாக எடுத்து நீங்கள் வாசியுங்கள். திக்கினால் திக்குங்கள். அவனிடம் “இது என்ன எழுத்துடா, ழவா ளவா?” என்று கேளுங்கள், அப்பாவைத் திருத்துகிற சந்தோஷத்துக்காகவே பக்கத்தில் வந்து உட்காருவான்.

தாத்தா பாட்டி ஊரில் இருந்தால் தொலைபேசியில் காணொளி போட்டு அவர்களை வாசிக்கச் சொல்லலாம். ஒரு குடும்பத்தில் புதுக்கோட்டையில் இருக்கும் அப்பத்தா வாரம் ஒரு புத்தகம் வாசிக்கிறார். இங்கே ஒரு பிரதி, அங்கே ஒரு பிரதி. எனக்கும் இரட்டை விற்பனை.

நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன். எப்படி வெளியிடுவது?

முதலில் வேறு யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைக்குப் பிடித்தது என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், உங்கள் குரல் அதற்குப் பிடிக்கும்.

பதிப்பாளர் கிடைக்காமல் நீங்களே வெளியிடுவதாக இருந்தால், புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. புத்தகம் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியை அதே வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், இது சட்டம். நம்மவர்கள் வெளியீட்டு விழா மும்முரத்தில் இதை மறந்துவிடுவார்கள். பணத்துக்குத் தேசிய கலைகள் மன்றத்தின் மானியங்களைப் பாருங்கள். பாலர் பருவத்து இருமொழிக் கற்றலுக்காக 2011இல் தொடங்கிய லீ குவான் இயூ இருமொழி நிதியையும் விசாரிக்கலாம். விண்ணப்பத்தில் கதையை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதச் சொன்னால் அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், எனக்குக் கதை எழுதுவதைவிட அது கஷ்டம்.

எழுதுகிறவர்களையும் வரைகிறவர்களையும் பார்க்க வேண்டுமா, 2010இலிருந்து நடந்துவரும் ஆசியச் சிறுவர் உள்ளடக்க விழாவுக்குப் போங்கள். என் ஓவியரை நான் அங்கே தேநீர் வரிசையில்தான் பிடித்தேன்.

ஓவியருக்குப் பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பள்ளிகளில் பிள்ளைகள் என்ன கேட்பார்கள்?

“உங்களுக்கு எத்தனை வயசு?” “நீங்க பணக்காரரா?” “பூனை வளக்குறீங்களா?” “இதை நீங்களேதான் எழுதுனீங்களா, இல்ல உங்க அம்மா உதவி செஞ்சாங்களா?” கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன். அம்மாதான் ஆயாவின் கதையை எனக்குச் சொன்னது.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

பொது நூலகங்களின் தமிழ்ச் சிறுவர் பகுதியில் தேடுங்கள். வாங்குவதென்றால் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளுக்கு வந்தால் எங்காவது ஒரு மேசைக்குப் பின்னால் நான் இருப்பேன்.

அடுத்த புத்தகம் எதைப் பற்றி?

குயில். தமிழ்க் கவிதையில் குயிலுக்கு இருக்கும் மரியாதை நமக்குத் தெரியும். இங்கே காலை ஐந்து மணிக்கு எங்கள் புளோக்குக்கு முன்னால் இருக்கும் மரத்திலிருந்து அது கத்த ஆரம்பித்தால் ஆறாவது மாடிக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். அந்த மாமாவும் அந்தக் குயிலும்தான் கதை. நாலாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமா ஜன்னலைத் திறக்கும் பக்கத்தில் அவர் குயிலிடம் என்ன சொல்வார் என்று இன்னும் பிடிபடவில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டு அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், அந்த இடம் வந்ததும் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவராகவே “ஏய், தூங்கவிடு!” என்று கத்தினார். குறித்து வைத்திருக்கிறேன்.